மெல்லக்காவின் ப்ரீஆம்ப்

கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விடுவது அந்த வீட்டில் மெல்லக்காவின் வேலை. மாதத்தின் முதல் ஞாயிறு வந்தால் தையல் மெஷின் எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல் கதவில் தொடங்குவாள். குளியலறை, அலமாரி, ஜன்னல் கொக்கி என்று ஒன்றையும் விடமாட்டாள். கீலுக்கு ஒரு சொட்டு. கதவை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, வழிந்ததைப் பழந்துணியால் துடைத்துவிட்டு அடுத்ததற்கு நகர்வாள். படுக்கையறைக் கதவு கடைசியில். அதற்குப் பின்னால் கணவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

அவர் ஐஸ் பேக்டரியில் கம்ப்ரசர் ஆபரேட்டர். கல்யாணமான மறு வருஷம் இரவு ஷிப்டுக்குப் போனார். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். முதலில் மாற்று ஆள் இல்லை என்று வைத்துக்கொண்டார்கள். பிறகு அந்த மெஷினை இவரைவிடத் தெரிந்த ஆள் இல்லை என்று வைத்துக்கொண்டார்கள். காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் மாலையில்தான் எழுந்திருப்பார். ஊரெல்லாம் பகலாக இருக்கும்போது அந்த வீட்டில் இரவு.

ஆகவே வீடே சத்தத்துக்கு அடங்கிப் பழகியிருந்தது. நாற்காலிக் கால்களுக்குப் பழைய டயர் டியூபை வெட்டி மாட்டியிருந்தாள். அழைப்பு மணியின் ஒயரை என்றோ பிடுங்கியாகிவிட்டது. குக்கர் விசில் அடிக்கப் போகிற நேரம் அவளுக்கு உடம்பிலேயே தெரியும்; எங்கிருந்தாலும் ஓடிவந்து அடுப்பை அணைப்பாள். மகள் பள்ளிக்கூடம் போன புதிதில் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க பொண்ணு எதைச் சொன்னாலும் ரகசியம் சொல்ற மாதிரியே சொல்றா. வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். மெல்லக்கா, "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்று சொன்னாள். டீச்சருக்கு அதுவும் சரியாகக் கேட்கவில்லை.

மெல்லக்கா என்ற பெயர் அவள் வேலை பார்க்கும் அச்சகத்தில் வைத்தது. பிழை திருத்துகிறவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அச்சிட்ட தாளைப் பார்ப்பார். இவள் இந்தப் பக்கம் உட்கார்ந்து மூலத்தை வாசிப்பாள். வார்த்தை மட்டுமல்ல, கமா, புள்ளி, மேற்கோள், புதுப் பத்தி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "அக்கா, எனக்குக் கேக்கறது இருக்கட்டும், உங்களுக்காவது கேக்குதா?" என்று திருத்துகிறவர் கிண்டல் செய்துகொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். கடைசியில் இருவர் நெற்றியும் முட்டாத குறைதான். போன வருஷம் வேலையைக் குறைத்து, இனி காலையில் மட்டும் வந்தால் போதும் என்றார்கள். மதியத்துக்குப் பிறகு அவளுக்கு வீடுதான்.

அந்த மதியங்கள் நீளமானவை. துணி மடிப்பாள். மடித்ததை எடுத்து மறுபடி மடிப்பாள். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "வர்றீங்களா, பேசிட்டிருக்கலாம்" என்றால், கை விரலைப் படுக்கையறைப் பக்கம் காட்டிச் சிரிப்பாள். நாளடைவில் அந்த அம்மாளும் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். மாலையில் அவர் எழுந்ததும் தேநீர் கொடுத்துவிட்டு அன்றைய சங்கதிகளைச் சொல்வாள். அவர் "ம்" என்பார். டிவியைச் சத்தமாக வைத்துச் செய்தி பார்ப்பார். மெஷின் பக்கத்திலேயே கிடந்து பழகிய மனிதர், சத்தம் இல்லாவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது என்று அவள் நினைத்துக்கொள்வாள். நாத்தனார் வரும்போதெல்லாம், "எங்கண்ணன் மாதிரி வருமா? எதுக்காவது மறுத்துப் பேசியிருக்காரா? சொன்னதுக்கெல்லாம் 'ம்'தான். எங்க வீட்ல ஒண்ணு இருக்கே, 'ம்'னு சொல்லவே வக்கீல் வைக்கணும்" என்பாள்.

மகள் வேறு ஊரிலிருந்து போன் செய்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது.

"அம்மா, ஒலிநூல் போடற கம்பெனி ஒண்ணு வாசிக்க ஆள் எடுக்குது. வீட்ல இருந்தே பதிவு பண்ணி அனுப்பலாம். நீதான் காலமெல்லாம் வாசிக்கறியே."

"போடி, என் குரலை யாரு கேப்பா?"

"கேக்கறதுக்குத்தான் காசு குடுத்து வாங்கறாங்க. உங்க மாப்பிள்ளையோட மைக்கும் பெட்டியும் சும்மாதான் கிடக்குது. அனுப்பி வைக்கிறேன்."

மாப்பிள்ளைக்குப் பாடகராகும் ஆசை வந்ததும் போனதும் ஒரே மழைக்காலத்தில் நடந்த விஷயம். அந்த ஆசையின் மிச்சமாக ஒரு மேடை மைக்கும், கம்ப்யூட்டரில் செருகுகிற சிவப்புப் பெட்டியும், தலையில் மாட்டும் ஹெட்போனும் வந்து சேர்ந்தன. மெல்லக்கா முன்னறை அலமாரியின் இரண்டு கதவையும் திறந்து, மேலே கனத்த ரஜாய்ப் போர்வையைப் போர்த்தி, உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். மகள் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் பெட்டியைச் செருகி, அதன் சத்தம் ஏற்றும் திருகை முழுக்கத் திருப்பிவிட்டு, மகள் போனில் சொல்லிக்கொடுத்தபடி ஒரு கதையின் முதல் பக்கங்களை வாசித்து அனுப்பினாள்.

அதை அனுப்பிய பிறகுதான் தனக்கு அது எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. அச்சகத்திலிருந்து திரும்பும் வழியில் நின்று நின்று போனை எடுத்துப் பார்த்தாள். யாரோ முன்பின் தெரியாதவர்கள், பேருந்திலோ சமையலறையிலோ உட்கார்ந்து, அவள் சொல்வதை முழுக்கக் கேட்பார்கள். அந்த நினைப்பே ஒரு மாதிரி இருந்தது.

பதில் வந்தது. "உச்சரிப்பு நன்று. ஆனால் பின்னணி இரைச்சல் மிகுதி. மைக் ப்ரீஆம்பைச் சரிபார்த்து மாத இறுதிக்குள் இன்னொரு முறை அனுப்பவும். அதற்குமேல் வாய்ப்பு இல்லை."

ப்ரீஆம்ப் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. கடைவீதியில் ஸ்பீக்கரும் மைக்கும் விற்கிற கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் பருமனான ஆள். கல்லாவுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்தால் கல்லா தெரியாது. அவள் சொன்னதைக் கேட்க எழுந்து வந்து குனிந்தார்.

"அக்கா, மைக்ல இருந்து வர்ற சத்தம் இருக்கு பாருங்க, அது கொசு பேசற அளவுதான். அந்தக் கொசுவை ஆளாக்கி விடறது ப்ரீஆம்ப். உங்க சிவப்புப் பெட்டிக்குள்ளயே ஒண்ணு இருக்கு. தொடங்கறவங்களுக்கு அதுவே தாராளம்."

"முழுக்கத் திருப்பித்தான் வெச்சிருக்கேன். அப்பவும் மழை பெய்யற மாதிரி கேக்குது."

"முழுக்கவா?" அவர் புருவத்தைத் தூக்கினார். "முழுக்கத் திருப்பினா எந்தப் பெட்டியும் மூச்சு வாங்கத்தான் செய்யும். மேடை மைக் வேற கொஞ்சம் சோம்பேறி. ஒண்ணு பண்ணுங்க." கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து விரல் நீளத்துக்கு ஓர் உலோகக் குழாயை எடுத்தார். "மைக்குக்கும் பெட்டிக்கும் நடுவுல இதை மாட்டுங்க. முன்னாடியே கொஞ்சம் தூக்கிக் குடுக்கும். பெட்டியில பாண்டம் பவர்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கணும்."

"பாண்டம்னா பேய்தானே?"

"நல்ல பேய்க்கா. கரண்ட் மட்டும் குடுக்கும், மத்தபடி தொந்தரவு பண்ணாது. எங்க வீட்ல இருக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலை."

அவள் சிரித்தாள். சிரித்து நாளாகியிருந்தது. வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்று, வேண்டாத ஒயர்களின் விலையையும் விசாரித்துவிட்டு வந்தாள்.

குழாயை மாட்டியதும் சத்தம் நன்றாகவே ஏறியது. அவள் குரல் மட்டுமல்ல, எல்லாமே ஏறிற்று. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாசிக்கத் தொடங்குமுன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிரிட்ஜ் அதிர்ந்தது. குழாயில் சொட்டு விழுந்தது. மாடிவீட்டில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். எல்லாவற்றுக்கும் அடியில், இழுத்து இழுத்து, இன்னொரு சத்தம். அது என்னவென்று தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கணவர் விடும் மூச்சு.

அன்று அவள் வாசிக்கவில்லை. ரஜாய்க்கு அடியில் புழுங்கப் புழுங்க உட்கார்ந்து அந்த மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே கட்டிலில் இருவரும் ஒரே நேரத்தில் தூங்குவது அவருடைய விடுமுறை நாட்களில் மட்டும்தான். அன்றும் அவர் தூக்கம் பிடிக்காமல் எழுந்து கூடத்தில் உட்கார்ந்துவிடுவார். இவ்வளவு பக்கத்தில் அவர் மூச்சைக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. அதற்கு ஒரு மைக்கும், ஒரு குழாயும், ஒரு நல்ல பேயும் வேண்டியிருந்தன.

இரண்டாம் முறை கடைக்குப் போனபோது அவளே கேட்டாள், "வால்வு வெச்ச ப்ரீஆம்ப்னு ஒண்ணு இருக்காமே? குரலுக்குக் கனம் குடுக்கும்னு போட்டிருக்காங்க."

"படிச்சிட்டு வந்துட்டீங்களா? இனி உங்களைக் காப்பாத்த முடியாது" என்றார் கடைக்காரர். "அது அழகுக்குக்கா. முகத்தைக் கழுவாம பவுடர் போடற மாதிரி. இரைச்சல் அப்படியே இருக்கும், கொஞ்சம் மினுக்கா இருக்கும்."

அவள் கேட்கவில்லை. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று அவர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கனத்த கறுப்புப் பெட்டி. முன்பக்கச் சின்னக் கண்ணாடிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கம்பி எரிந்தது. பார்க்க அடக்கமான அழகு. இருட்டான அலமாரிக்குள் அது எரிவதைப் பார்க்கவே அவளுக்குப் பிடித்தது. ஆனால் கடைக்காரர் சொன்னதுதான் நடந்தது. மழை நிற்கவில்லை, தகரக் கூரையில் பெய்த மழை ஓட்டுக் கூரையில் பெய்தது, அவ்வளவுதான். மாதம் முடியப் போகிறது. மைக்கை வாயோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்து மோதியது. பிரிட்ஜை அணைத்துப் பார்த்தாள், பால் திரிந்தது.

மூன்றாம் முறை வால்வுப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். கடைக்காரர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஸ்டூலைக் காட்டினார்.

"உக்காருங்க. பெட்டியையே மாத்திட்டிருக்கோம். நீங்க வாசிக்கறத நான் இதுவரைக்கும் கேக்கவே இல்லையே. இதுல வாசிங்க பாப்போம்." கடையிலிருந்த ஒரு மைக்கை முன்னால் நகர்த்தினார். கைக்குக் கிடைத்த பில் புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த நிபந்தனைகளை எடுத்துக் கொடுத்தார்.

மெல்லக்கா வாசித்தாள். "விற்ற பொருட்கள் கமா உடைந்த பொருட்கள் கமா திரும்பப் பெறப்பட மாட்டா புள்ளி."

கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவளுக்கு முகம் சிவந்தது. "அச்சாபீஸ் பழக்கம். கம்பெனிக்கு அனுப்பினதுல அப்படி வாசிக்கல. எதிர்ல ஆள் இருந்தா வந்துடுது."

"அது கிடக்கட்டும்கா. இங்க பாருங்க." மைக்குக்கு முன் எரிகிற விளக்கு வரிசையைக் காட்டினார். அவள் வாசித்தபோது பச்சை விளக்குகளில் அடியில் உள்ளது மட்டும்தான் மினுங்கியிருந்தது. பிறகு அவர் குனிந்து, சாதாரணமாக, "டீ சொல்லட்டுமா?" என்றார். வரிசையில் பாதிக்கு மேல் எரிந்தது. "இது ப்ரீஆம்ப் பிரச்சினை இல்ல. இதைவிட ஒசத்தியான பெட்டியை உங்க தலையில கட்ட எனக்கு ஆசைதான். ஆனா நீங்க வாசிக்கறது, யாரோ தூங்கறாங்க, எழுப்பிடக்கூடாதுன்னு வாசிக்கற மாதிரி இருக்கு. திருகைப் பாதியில நிறுத்துங்க. மீதியை உங்க தொண்டையில திருப்புங்க. அந்தச் சிவப்புப் பெட்டியே போதும்."

அவர் தமாஷாகத்தான் சொன்னார். மெல்லக்கா டீ குடிக்காமல் எழுந்து வந்தாள்.

மறுநாள் மதியம் அலமாரிக்குள் உட்கார்ந்து சிவப்புப் பெட்டியின் திருகைப் பாதியில் நிறுத்தினாள். முதல் வரியை வழக்கமான குரலில் வாசித்தாள். இரண்டாவதைச் சற்று ஏற்றினாள். நிறுத்திக் காதுகொடுத்தாள். படுக்கையறையிலிருந்து இருமல் வரவில்லை, கட்டில் முனகவில்லை. இன்னும் ஏற்றினாள். மாத இறுதி வந்துவிட்டது; இன்று இல்லாவிட்டால் இல்லை. ஒருநாள் தூக்கம் கெட்டால் கெடட்டும், சொல்லிப் புரியவைத்துக்கொள்ளலாம். தொண்டையைத் திறந்தாள். கடைக்காரர் டீ சொல்லட்டுமா என்று கேட்ட குரலில், எதிரில் இருப்பவருக்குச் சொல்கிற மாதிரி, பக்கம் பக்கமாக வாசித்தாள். குரல் முதலில் உடைந்தது, பிறகு நேராயிற்று. அது இப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. ஹெட்போனில் மழை நின்றிருந்தது.

வாசித்து முடித்ததும் பயம் வந்தது. அவர் எழுந்து கோபமாக உட்கார்ந்திருப்பாரோ என்று கதவைத் தள்ளிப் பார்த்தாள். மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு கூட இல்லை.

அவள் அறை வாசலிலேயே நின்றாள். பிறகு, "ஏங்க" என்றாள், அந்தப் புதுக் குரலில்.

அவர் அசையவில்லை.

சமையலறைக்குப் போய் ஒரு தாம்பாளத்தை எடுத்து வந்தாள். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கை கொஞ்சம் தயங்கியது. கீழே போட்டாள். தாம்பாளம் தரையில் விழுந்து, உருண்டு, சுற்றி, நெடுநேரம் அதிர்ந்து அடங்கியது. மாடிவீட்டிலிருந்து, "என்னங்க ஆச்சு?" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். கட்டிலில் மூச்சு சீராக ஓடிக்கொண்டிருந்தது. நேரமானதும் தலையணைக்கு அடியில் அவருடைய போன் அதிர்ந்தது. அவர் உடனே கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்ததும், என்ன என்பதுபோல் தலையை ஆட்டினார். அவளும் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

பதிவை அன்றே அனுப்பினாள். அடுத்து வந்த நாட்களில் அவரைக் கவனித்தாள். முதுகுக்குப் பின்னால் நின்று பழைய குரலில் கூப்பிட்டாள், திரும்பவில்லை. டிவியில் அவர் கீழே ஓடுகிற எழுத்தைத்தான் படித்தார். அவள் பேசும்போது கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார். அவள் வாய் நின்றதும் "ம்" என்றார். தானாக ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மகளுக்குக் காய்ச்சல் கண்ட அன்று அவர் பாட்டுக்கு ஷிப்டுக்குக் கிளம்பிப் போனது. அவளுடைய அம்மாவுக்கு முடியாமல் போய், பார்க்கப் போகலாமா என்று அவள் கேட்டதற்கு "ம்" சொல்லிவிட்டு மறுநாள் ஒன்றும் தெரியாதவர்போல் படுத்துத் தூங்கியது. கல் நெஞ்சு என்று அன்று நினைத்திருந்தாள். அதையெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்த ஓரிடம் மனதில் இருந்தது; இப்போது அது காலியானதும் அங்கே வைக்க ஒன்றும் இல்லை.

ஒலிநூல் கம்பெனியின் பதில் ஒரு மாலையில் வந்தது. குரல் தெளிவாக இருக்கிறது, இரைச்சல் இல்லை, முழு நூலையும் அவளே வாசிக்கலாம்.

அவர் ஷிப்டுக்குக் கிளம்பத் தயாராக, கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் எதிரில் போய் நின்றாள். அலமாரிக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னாள், "ஏங்க, எனக்கு வாசிக்கற வேலை கிடைச்சிருக்கு."

அவர் தம்ளரை வைத்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "அட, உனக்குக் குரல் இருக்கா!"

"எப்போலேருந்து கேக்கல உங்களுக்கு?" குரலை இறக்காமல் கேட்டாள்.

அவர் தம்ளரின் விளிம்பைத் துடைத்தார். "மெஷின் பக்கத்துல நிக்கறவன் எல்லாருக்கும் வர்றதுதான். மெல்ல மெல்லப் போச்சு. கம்பெனிக்குத் தெரிஞ்சா வாட்ச்மேனா கேட்டுல கொண்டுபோய் உக்கார வெச்சிடுவான்."

"கம்பெனிக்குச் சொல்ல வேணாம். எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்டயா?" அவர் சிரிக்கப் பார்த்தார். "நீ எங்கிட்டப் பேசறதையே விட்டுட்டேன்னுதான நெனச்சேன். உன் வாய் அசையும், சத்தமே வராது. என்னமோ எம்மேல வருத்தம், உனக்கு நீயே முணுமுணுத்துக்கறேன்னு நெனச்சேன். இவளை இப்படி இருட்டுல கட்டி வெச்சிருக்கோமே, கோவம் இருக்கத்தான செய்யும்னு, 'ம்' போட்டுட்டு இருந்துட்டேன்."

"உங்க தூக்கம் கெட்டுடக்கூடாதேன்னுதான்…"

"என் தூக்கமா? இடி விழுந்தாக்கூட எந்திரிக்க மாட்டேனே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்க வேண்டிய இடம்தான். நாத்தனார் இருந்திருந்தால் சிரித்திருப்பாள். தெருமுனையில் ஐஸ் பேக்டரி வேன் ஹாரன் அடித்தது. அது அவருக்குக் கேட்கவில்லை. அவள் தெருப்பக்கம் கையைக் காட்டியதும் எழுந்து பையை எடுத்துக்கொண்டார். எடுத்தவர் போகாமல் நின்றார்.

"இத்தனை வருஷமும் நீ பேசிட்டுத்தான் இருந்தியா? அப்படி என்னதான் சொல்லிட்டிருந்தே?"

அவள் யோசித்தாள். பெரும்பாலும் கேஸ் தீர்ந்ததும், தண்ணீர் வராததும்தான். ஆனால் மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய வாரம், துணி மடித்துக்கொண்டே அவரிடம் ஒன்று கேட்டிருந்தாள். இந்த வீட்டில் நான் தனியாக இருக்கிறேனே, அது உங்களுக்குத் தெரிகிறதா என்று. அதைச் சொல்ல வேண்டும். ஒலிநூல் வாசிக்கிற அந்தக் குரலைத் தேடி மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். வந்தது பழைய குரல். அவளுக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

அவர் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் குனிந்து காத்திருந்தார். ஹாரன் மறுபடி அடித்தது. அவள் மறுபடி கையைக் காட்டினாள். அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே போனார்.